நஃப்ஸை அறிதலும் தன்னை ஏற்றலும்

ரமழான் விடுமுறை ஒன்றில் சதுரங்கப்பட்டினம் செல்ல நேர்ந்தது. நம் மாணவர் ஒருவரின் தந்தையார் அழைத்திருந்தார். அம்மாணவர் ஓராண்டாகப் பின்னிரவுத் தொழுகையையும் திக்ரையும் விடாது பேணி வந்தவர். தொடக்கத்தில் இல்லத்தார் மகிழ்ந்தனர். நாளடைவில் அவர், சிறு மளிகைக் கடை நடத்தும் தந்தையாரின் வணக்கத்தில் குறை காணத் தொடங்கினார். தாயாரின் பேச்செல்லாம் வீண்பேச்சு என ஒதுக்கினார். பிறகு தஹஜ்ஜுத் சில நாள்கள் தவறவே, அக்கடுமை அவர்மீதே திரும்பிற்று. "நான் முனாஃபிக், ஹஜ்ரத்! ஓதத் தகுதியில்லாதவன். ஷவ்வாலில் மதரஸாவுக்கு வரமாட்டேன்" என்றார்.

முதலில் பிறரை இகழ்ந்தார். பின்னர் தம்மையே இகழ்ந்தார். இவ்விரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. இரண்டிலும் அவர் பார்வை தம்மீதே இருந்தது. தம் இறைவன்மீது இல்லை. ஆன்மீக விழிப்பின் தொடக்கத்தில் பலர் இடறி விழும் இடம் இதுவே. ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

'நஃப்ஸ்' என்னும் அரபுச் சொல்லுக்கு நிகரான ஒற்றைத் தமிழ்ச்சொல் இல்லை. ஆணவம், அகங்காரம் என்பன அதன் ஒரு நிலையை மட்டுமே சுட்டும். அரபியில் அது 'தான்' என்னும் முழு ஆளையும் குறிக்கும். திருக்குர்ஆன் அதன் மூன்று நிலைகளைப் பேசுகிறது. தீமைக்குத் தூண்டும் நிலை 'அம்மாரா' (12:53); தன்னைத் தானே இடித்துரைக்கும் நிலை 'லவ்வாமா' (75:2); அமைதியுற்ற நிலை 'முத்மயின்னா' (89:27). இவை மூன்று வெவ்வேறு நஃப்ஸுகள் அல்ல. ஒன்றே மூன்று நிலைகளை அடைகின்றது. நஃப்ஸைக் 'கொல்ல வேண்டும்' என்று நம் மேடைகளில் அடிக்கடி கூறப்படுகிறது. கொன்றுவிட்டால் அமைதி அடைவது எது? தூண்டிய அதே நஃப்ஸ்தான் திருந்தி, அமைதியுற்று, இறைவனைப் பொருந்திக்கொண்டதாகவும் அவனால் பொருந்திக்கொள்ளப்பட்டதாகவும் அவனிடம் மீள அழைக்கப்படுகிறது.

நடுநிலையான லவ்வாமா உயர்ந்தது. அல்லாஹ் அதன்மீது சத்தியம் செய்கிறான். எனினும் அது கடந்து செல்ல வேண்டிய வழியேயன்றித் தங்கும் வீடன்று. அவ்வழியின் இருபுறமும் பள்ளங்கள் உள்ளன. ஒன்று 'உஜ்பு', அதாவது தன் வணக்கத்தைக் கண்டு தானே வியத்தல். மற்றொன்று, இறையருளில் நம்பிக்கை இழத்தல். "நான் இவ்வளவு உயர்ந்தவன்" என்பவனும் "என்னைப்போல் இழிந்தவன் இல்லை" என்பவனும் 'நான்' என்பதைத் தாண்டவில்லை.

நபித்தோழர் ஹன்ளலா (ரலி) அவர்களுக்கும் இவ்வையம் எழுந்தது. நபி (ஸல்) அவர்களின் அவையில் சுவனமும் நரகும் கண்முன் தோன்றுகின்றன. மனைவி மக்களிடமும் தொழிலிடமும் திரும்பியதும் பெரிதும் மறந்துபோகின்றன. ஆகவே தாம் நயவஞ்சகராகிவிட்டதாக அவர் அஞ்சினார். அபூபக்கர் (ரலி) அவர்கள் தமக்கும் அவ்வாறே நேர்வதாகக் கூறினார்கள். இருவரும் சென்று முறையிட்டபோது, நபியவர்கள் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அதற்கொரு நேரம், இதற்கொரு நேரம் என்பதை உணர்த்தினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் காணப்படும் இந்நிகழ்ச்சி, மனித இயல்பை இஸ்லாம் ஏற்றுக்கொள்ளும் பாங்கினைக் காட்டுகிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமுத்தீன்' நூலில், குணங்களைப் பண்படுத்துதல் குறித்துப் பேசுமிடத்துப் பேரீச்சங்கொட்டையை உவமை காட்டுகிறார்கள். கொட்டை இன்னும் மரமன்று. பேணி வளர்த்தால் பேரீச்சமரமாகும். எவ்வளவு பேணினாலும் அது ஆப்பிள் மரமாகாது. சினத்தையும் விருப்பையும் வேரோடு பிடுங்குதல் இயலாது. அவற்றை நெறிப்படுத்துதலே இயலும் என்பது கருத்து. தன்னை ஏற்றல் என்பதன் பொருளும் இதுவே. "நான் கொட்டைதான்" என்று ஒப்புக்கொள்வது ஏற்றல். "கொட்டையாகவே இருந்துவிடுகிறேன்" என்பது சோம்பல். "ஏன் ஆப்பிளாகப் பிறக்கவில்லை" எனப் புலம்புவது நன்றிகேடு.

இமாமவர்கள் இதனை ஏட்டில் மட்டும் கற்றவர்கள் அல்லர். பக்தாதின் நிளாமிய்யாவில் பெரும் புகழுடன் விளங்கியபோது, தம் போதனையின் நோக்கம் இறைவனா, புகழா என்று தம்மையே வினவினார்கள். நாவெழாமல் பாடம் நடத்த இயலாது போயிற்று. 1095இல் பதவியைத் துறந்து வெளியேறினார்கள். ஆண்டுகள் பல கழிந்து, 1106இல் நைஸாபூரில் மீண்டும் ஆசிரியப் பணியை ஏற்றார்கள். ஆசிரியர் என்னும் இயல்பு அழியவில்லை, நாட்டமே திரும்பியது.

நம் தமிழகத்திலும் இதற்குச் சான்றுண்டு. தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்களின் பாடல்களில் தன்னிரக்கமும் தன்னைக் கடிதலும் நிறைந்துள்ளன. ஆனால் அக்கடிதல் பிறர்மீது பாய்வதில்லை, நம்பிக்கையிழந்து முடங்குவதுமில்லை. அருளாளனை நோக்கிய முறையீடாகவே அது நிற்கிறது. குறையை மறைக்காமல் அவன்முன் வைப்பவர் அக்குறையோடே அவனை நெருங்குகிறார்.

அன்று அஸருக்குப் பின் அம்மாணவரோடு ஊரிலுள்ள டச்சுக் கோட்டைக்குச் சென்றோம். பெயர்களும் சின்னங்களும் செதுக்கிய பழங்கல்லறைகள் அங்குள்ளன. பெயர் நிலைக்க வேண்டுமென்பது மனித இயல்பு; அவ்விருப்பம் பிறந்ததற்காக எவரும் தம்மை வெறுக்க வேண்டியதில்லை, அதன் பின்னே ஓடாதிருந்தால் போதும் என்றோம். பிறகு முஹாஸபா, அதாவது தற்கணக்கு, செய்யும் முறையைக் கூறினோம். இரவில் சிறிது நேரம் ஒதுக்கி, அன்று கிட்டிய நன்மைக்கு நன்றி. நேர்ந்த பிழைக்குத் தவ்பா. மனிதருக்குச் செய்த பிழையாயின் அவரிடம் மன்னிப்பு. அவ்வளவில் கணக்கை மூடிவிட வேண்டும். கணக்கர் தாமே நீதிபதியாகித் தம்மீது தீர்ப்பெழுதலாகாது. தீர்ப்பு நாளின் அதிபதி வேறொருவன்.

நெடுநேரம் மௌனமாயிருந்த அம்மாணவர், "அத்தாகிட்ட முதல்ல மன்னிப்புக் கேட்கணும், ஹஜ்ரத்" என்றார். தஹஜ்ஜுதைப் பற்றி அவர் அன்று ஒரு சொல்லும் கூறவில்லை. ஷவ்வாலில் மதரஸா திறந்த முதல் நாளே வந்து சேர்ந்தார்.

நம் குறைகளை அறிந்தும் நம்மைப் படைத்து, மீள்வதற்கு வழியும் வைத்த வல்லோன், நம் அனைவரின் நஃப்ஸையும் அமைதியுறச் செய்வானாக! ஆமீன்.