தெற்கில் தொடங்குங்கள், வசந்தம் கூடவே வரும்

மத்தியதரைக் கடலோரத்தில் வசந்தம் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. சிசிலித் தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் சிராகுசாவில் ஏப்ரல் தொடக்கத்திலேயே நண்பகல் வெயிலுக்கு அரைக்கைச் சட்டை போதும். அங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் வடமேற்கே, இத்தாலியின் லிகூரியக் கரையில் அதே வாரம் மழையும் குளிருமாக இருக்கக்கூடும். ஒரு மாதப் பயணம் திட்டமிடுபவர் முதலில் பயன்படுத்திக்கொள்ள வேண்டியது இந்த இடைவெளியைத்தான். ஏப்ரல் இரண்டாம் வாரம் தெற்கே தொடங்கி, மே இரண்டாம் வாரம் வடக்கே முடித்தால், ஒவ்வோர் ஊரிலும் அதன் நல்ல நாட்களில் இருக்கலாம்.

பத்து நாளில் ஆறு நாடு காட்டும் சுற்றுலாக்களில் கடலோரச் சிற்றூர்களுக்குக் கிடைப்பது அரை நாள்தான். பேருந்தை விட்டு இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் நேரம் முடிந்துவிடும். இந்த ஊர்களின் அழகு காலையில் படகு திரும்பும்போதும், மாலையில் ஊர்க்காரர்கள் வீதியில் உலாவ வரும்போதும்தான் தெரியும். அதற்கு அங்கே இரவு தங்க வேண்டும். ஐந்து ஊர், ஊருக்கு ஆறு இரவு, இடையில் ரயில் என்ற கணக்கில் முப்பது இரவை எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

கோடைக்கு முன் ஏன்?

ஆகஸ்ட் மாதத்தில் இத்தாலியே விடுமுறை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்துவிடும். ஆகஸ்ட் 15 அங்கே தேசிய விடுமுறை. அறை வாடகை உச்சத்தில் இருக்கும், வெயிலும் அப்படியே. சிராகுசாவுக்கு அருகில் 2021 ஆகஸ்ட் 11 அன்று 48.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஐரோப்பியக் கண்டத்தின் அதிகபட்ச வெப்பம் இதுவே என்று உலக வானிலை அமைப்பு 2024இல் உறுதிசெய்தது.

வசந்தத்தில் இந்தக் கரைக்குப் போவது புதிய யோசனையும் இல்லை. பிரெஞ்சு ரிவியேரா பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் உரிய இடமாகத்தான் பெயர் பெற்றது. விக்டோரியா மகாராணி 1882இல் அங்குள்ள மாந்தோனிலும், 1890களின் பிற்பாதியில் நீஸ் நகரிலும் வந்து தங்கியது வசந்தத்தில்தான். கோடையில் வெயில் காய வரும் வழக்கம் 1920களில்தான் அங்கே பரவியது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். கரை சூடாகிவிட்டாலும் கடல் சூடாகியிருக்காது. பெரிய நீர்ப்பரப்பு மெல்லத்தான் வெப்பத்தை வாங்கும். ஏப்ரலில் கடல்நீர் 15, 16 டிகிரி அளவில்தான் இருக்கும். மே மாதத்தில் 18, 19 வரை ஏறும். சென்னைக் கடலில் கால் நனைத்துப் பழகியவர்களுக்கு இது உறைபனி போலத் தோன்றும். கடலில் குளிப்பதே நோக்கம் என்றால் செப்டம்பரில் போங்கள். நடக்க, பார்க்க, சாப்பிட, உட்கார்ந்து ஓய்வெடுக்க என்றால் வசந்தம்தான்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சகாரா பக்கமிருந்து கிளம்பும் சிரோக்கோ, வசந்தத்தில் சிசிலிக்குச் சூட்டையும் மண்தூசியையும் கொண்டுவரும். பிரான்ஸின் ரோன் பள்ளத்தாக்கு வழியே இறங்கும் மிஸ்த்ரால் குளிர்ந்த வறண்ட காற்று. இரண்டில் எது அடித்தாலும் படகுகள் நின்றுபோகலாம். அதனால் படகுப் பயணத்தை ஓர் ஊரின் கடைசி நாளுக்கு ஒத்திப்போட வேண்டாம்.

ஐந்து ஊர்கள்

முதல் ஊர் சிராகுசா. கிரேக்கத்தின் கொரிந்து நகரத்தார் கி.மு. எட்டாம் நூற்றாண்டில் குடியேறிய இடம். ஆர்க்கிமிடீஸ் பிறந்த மண். பழைய நகரம் ஒர்த்தீஜியா என்ற சிறு தீவில் இருக்கிறது. அங்குள்ள பேராலயத்தின் சுவரைக் கவனியுங்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு அதீனா கோயிலின் தூண்களை இடிக்காமல், இடைவெளிகளை மட்டும் அடைத்துத் தேவாலயமாக்கியிருக்கிறார்கள். இன்றும் அந்தத் தூண்களைச் சுவரில் பார்க்கலாம். இங்கிருந்து ஒரு நாள் எட்னா எரிமலைக்குப் போய்வரலாம். 3,300 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் ஏப்ரலிலும் உச்சியில் பனி இருக்கும்.

இரண்டாவது, சிசிலியின் வடகரையில் உள்ள செஃபலூ. சிராகுசாவிலிருந்து பலெர்மோவுக்கு ரயிலைவிடப் பேருந்து வசதி. அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். இரண்டாம் ரோஜர் மன்னர் 1131இல் கட்டத் தொடங்கிய பேராலயமும், அதன் பின்னால் நிமிர்ந்து நிற்கும் பாறை மலையும், நடுவே மீனவர் வீதிகளும் சேர்ந்ததுதான் ஊர். பலெர்மோவின் அரபு-நார்மன் கட்டடங்களோடு சேர்த்து இந்தப் பேராலயத்தையும் 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

மூன்றாவது சலேர்னோ. அமால்ஃபி கரையைப் பார்க்கப் போகிறவர்கள் அங்குள்ள போசிதானோவில் அறை தேடிப் பெருந்தொகை கொடுப்பார்கள். சலேர்னோவில் தங்கினால் செலவு குறையும். அதிவேக ரயில் நிற்கும். ஏப்ரல் வாக்கில் அமால்ஃபிக்கும் போசிதானோவுக்கும் படகு ஓடத் தொடங்கிவிடும். மலைச் சரிவில் எலுமிச்சைத் தோட்டங்கள் அடுக்கடுக்காக ஏறுவதைக் கடலிலிருந்து பார்ப்பதற்கு ஈடாக எந்தப் பேருந்து ஜன்னலும் இல்லை. எதிர்த் திசையில், ரயிலில் அரை மணி நேரத்தில் பயெஸ்தும். கிரேக்க நாட்டிலேயே அரிதாகக் காணக்கூடிய அளவுக்கு முழுமையாக நிற்கும் மூன்று கிரேக்கக் கோயில்கள் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

நான்காவது, லிகூரியக் கரையில் உள்ள லெவாந்தோ. சிங்க்வே தெர்ரே எனப்படும் ஐந்து மலைமுனை ஊர்களுக்கு வடக்கு வாசல் இது. மோந்தெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே ஆகிய ஐந்தையும் குகைப்பாதை வழியே செல்லும் ரயில் இணைக்கிறது. ஐந்து ஊரிலும் சேர்த்து நாலாயிரம் பேர்கூட வசிப்பதில்லை. பகலில் அங்கே வந்து குவியும் கூட்டத்தின் முன் இந்த எண் ஒன்றுமே இல்லை. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் அந்த ஊர்களுக்குள் இருங்கள்; நடுப்பகலை மலைப்பாதைக்கு ஒதுக்குங்கள்.

அந்தச் சரிவுகளைத் தாங்கி நிற்பவை சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவர்கள். நூற்றாண்டுகளாகக் கொடித்திராட்சை பயிரிட்டவர்கள் கையால் கட்டியவை. பயிர்செய்ய ஆளில்லாமல் சுவர்கள் சரியும்போது மண்ணும் சரிகிறது. 2011 அக்டோபரில் கொட்டிய பெருமழையில் வெர்னாட்சாவும் மோந்தெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன, உயிர்களும் போயின. ரியோமஜ்ஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் ‘காதல் பாதை’ 2012இல் பாறை விழுந்து மூடப்பட்டு, 2024இல்தான் முழுமையாகத் திறந்தது. மழை எச்சரிக்கை வந்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். மூடிய பாதையில் கால் வைக்காதீர்கள். கரைப்பாதைகளுக்குக் கட்டண அட்டை வேண்டும். ரப்பர் செருப்புக்கு அனுமதி இல்லை, பிடிமானமுள்ள ஷூ கட்டாயம்.

ஐந்தாவது, பிரான்ஸின் எல்லையில் இருக்கும் மாந்தோன். ஜெனோவாவிலும் எல்லை ஊரான வென்டிமில்யாவிலும் ரயில் மாற வேண்டும். எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். இங்கிருந்து மொனாக்கோவும் நீஸும் உள்ளூர் ரயிலில் போகும் தூரம். மே மாதம் கான் திரைப்பட விழா நடக்கும் நாட்களில் இந்தக் கரை முழுவதும் அறை வாடகை எகிறும். விழாத் தேதியைப் பார்த்துவிட்டு, அதற்கு முன் ஊர் திரும்பும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இறங்குவது சிசிலியின் கத்தானியாவில், விமானம் ஏறுவது நீஸில் என்று ஒரே டிக்கெட்டாக எடுத்தால் வந்த வழியே திரும்பிப் போகும் நாளும் செலவும் மிச்சம்.

கப்பலில் ஏறும் ரயில்

செஃபலூவிலிருந்து சலேர்னோ போகும் நாளைப் பயண நாளாக மட்டும் கருத வேண்டாம். சிசிலியை இத்தாலிய நிலப்பரப்பிலிருந்து பிரிக்கும் மெசீனா ஜலசந்தியில் பாலம் கிடையாது. ரயிலைத் துண்டுகளாகப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளி, அக்கரையில் மீண்டும் கோத்து ஓட்டுகிறார்கள். ஐரோப்பாவில் பயணி ரயில் இப்படிக் கடல் கடப்பது அநேகமாக மறைந்துவிட்டது. பயணிகள் பெட்டியிலிருந்து இறங்கி மேல்தளத்துக்குப் போய்க் கடலைப் பார்க்கலாம். பகல் பெரும்பாலும் இதிலேயே போகும், போகட்டும்.

இத்தாலியில் அதிவேக ரயில் டிக்கெட்டை முன்கூட்டி வாங்கினால் மலிவு. உள்ளூர் ரயில்களுக்கு எப்போது வாங்கினாலும் ஒரே விலை. காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை பதிக்க வேண்டும், மறந்தால் அபராதம். வேலைநிறுத்தம் அங்கே அடிக்கடி நடக்கும். தேதி முன்பே அறிவிக்கப்படும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் அத்தியாவசிய உள்ளூர் ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது விதி. வாடகைக் கார் இந்தப் பயணத்துக்குத் தேவையில்லை. பழைய நகரப் பகுதிகளில் அனுமதியற்ற வண்டிகளைக் கேமரா படம்பிடிக்கும். அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீட்டுக்கே வரும்.

காலண்டரும் விசாவும்

தேதி குறிக்குமுன் ஈஸ்டரைப் பாருங்கள். 2027இல் மார்ச் 28, 2028இல் ஏப்ரல் 16. அந்த வாரத்தில் அறையும் ரயிலும் நிரம்பிவிடும். மாறாக, சிசிலியின் புனித வெள்ளி ஊர்வலங்களைக் காண்பதே ஆசை என்றால் அதைச் சுற்றியே பயணத்தை அமைக்கலாம். திரபானி நகரில் ஊர்வலம் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் விடாமல் நடக்கும். ஏப்ரல் 25 இத்தாலியின் விடுதலை நாள். மே 1 தொழிலாளர் நாள். நம் கணக்குப்படி முதலாவது சலேர்னோவிலும் இரண்டாவது லெவாந்தோவிலும் வரும். விடுமுறைக் கூட்டத்தைத் தவிர்க்க, முதல் நாளில் அமால்ஃபியை விட்டுப் பயெஸ்துமுக்குப் போங்கள்; மே 1 அன்று சிங்க்வே தெர்ரே ஊர்களை விட்டு, பழைய ரயில் குகைகள் வழியே பொனசோலாவுக்குப் போகும் மிதிவண்டிப் பாதையில் செல்லுங்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் இந்தப் பயணத்துக்கு இத்தாலிய விசா. பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஏப்ரல், மே நம் பள்ளி விடுமுறை என்பதால் நேர ஒதுக்கீடு கிடைப்பதே கடினம், ஜனவரியிலேயே முயலுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடவுச்சீட்டு கடந்த பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும்.

விசா கைக்கு வந்ததும் இரண்டு இடங்களைப் படியுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்பது ஒன்று. அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு. வரும் நாளும் திரும்பும் நாளும் சேர்த்து முப்பது இரவுக்கு முப்பத்தொரு நாள் வேண்டும்; இரண்டாவது எண் அதற்குக் குறைந்தால் திட்டத்தைச் சுருக்கியே ஆக வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ள தமிழர்களுக்கு விசா தேவையில்லை; எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம்.

கடலை மாவு காப்பாற்றும்

சைவம் சாப்பிடுபவர்கள் இந்தக் கரையில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பலெர்மோ தெருக்களில் கடலை மாவில் பொரித்த பனெல்லே, லிகூரியாவில் அதே மாவை ஆலிவ் எண்ணெய் ஊற்றி அடுப்பில் சுட்ட ஃபரினாத்தா, நீஸில் சொக்கா. நம் பஜ்ஜி மாவின் தூரத்துச் சொந்தங்கள் கரை நெடுகக் கிடைக்கும். கத்தரிக்காயை இனிப்புப் புளிப்பாகச் சமைக்கும் கப்போனாத்தாவும் உண்டு. வசந்தம் கூனைப்பூவுக்கும் மொச்சைக்கும் பருவம். நெத்திலி மீன் சொல்லாமலே பல பண்டங்களில் சேர்ந்திருக்கும். பார்மிசான் பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைக்கப்படுவது. கண்டிப்பான சைவர்கள் கேட்டுத்தான் வாங்க வேண்டும். மதியச் சமையல் இரண்டரை மணிக்குள் முடிந்துவிடும். இரவு ஏழரைக்கு முன் பல உணவகங்கள் திறக்காது. ரசீதில் தலைக்கு ஒரு சிறு தொகை தனியாக இருந்தால் அது மேசைக் கட்டணம்.

பெட்டி சிறியதாக இருக்கட்டும். பழைய வீடுகளில் லிஃப்ட் இருக்காது. கொர்னீலியா ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு ஏறச் சுமார் 380 படி. ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய மெல்லிய உடைகள், மழைக்கோட்டு, தேவாலயத்துக்குள் தோளை மூட ஒரு துப்பட்டா போதும்.

இந்த ஊர்களை நெரிப்பது அங்கே தங்காமல், எதுவும் வாங்காமல் ஓரிரு மணி நேரம் வந்துபோகும் கூட்டம். ஆறு இரவு தங்குபவர் மளிகைக் கடைக்கும் வீட்டுக்காரருக்கும் படகோட்டிக்கும் வருமானம் தருகிறார். ஊரும் அவருக்குத் தன் முகத்தைக் காட்டுகிறது. பட்டியலில் பத்து ஊர் எழுதி வைத்திருந்தால் ஐந்தை அடித்துவிடுங்கள். மிச்சமுள்ள ஐந்தையும் தெற்கிலிருந்து வடக்காக வரிசைப்படுத்துங்கள். விசாவுக்கான நேரத்தை இப்போதே தேடத் தொடங்குங்கள்.