தேன் பெட்டி: ஆளுக்கொரு யோசனை, நாம் எதைக் கேட்பது?



சென்ற ஆண்டு ஏப்ரலில் எங்கள் வீட்டுக் கொல்லையில், மாமரத்து நிழலில் ஒரு தேன் பெட்டி வைத்தோம். வேம்பும் புளியும் பூத்த நேரம். ஈக்கள் நன்றாகப் பெருகின. ஜூன் தொடக்கத்தில் இருந்த தேனையெல்லாம் எடுத்துவிட்டோம். ஜூலை கடைசியில் ஒருநாள் காலையில் பார்த்தால் பெட்டி காலி.

அனுபவமுள்ளவர்களிடம் விசாரித்தேன். ஒருவர் "எறும்பு விரட்டியிருக்கும்" என்றார். இன்னொருவர் "மெழுகுப்பூச்சி" என்றார். மூன்றாமவர் "சீனிப்பாகு வைக்கவில்லையா? பசியில் போயிருக்கும்" என்றார். நான்காமவர் "நாட்டு ஈயே வேண்டாம், இத்தாலிய ஈ வாங்குங்கள்" என்று முடித்துவிட்டார்.

பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். அடைகளில் ஒரு துளி தேன் இல்லை. அடிப்பலகையில் மெழுகுப்பூச்சியின் நூலாம்படை. காற்று மாதங்களில் நம் பள்ளத்தாக்கில் பூ குறைவு. இருந்த தேனை நான் எடுத்துவிட்டேன். பசியில் கூட்டம் மெலிந்தது, மெலிந்த கூட்டுக்குள் பூச்சி நுழைந்தது. கருத்துச் சொன்னவர்கள் ஆளுக்கொரு துண்டைச் சொன்னார்கள். தொடக்கத் தவறு என்னுடையது.

சிறு வருமானத்துக்காகப் பெட்டி வைக்க நினைக்கும் சகோதர சகோதரிகள் போட்ட பணத்தை இழந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எந்த ஈ?

இந்தியத் தேனீ வளர்க்கும் பெட்டியில் ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 10 கிலோ தேன் கிடைக்கலாம். இத்தாலியத் தேனீ அதைவிடப் பல மடங்கு தரும். ஆனால் அதற்குப் பூ தொடர்ந்து வேண்டும். பெரிய அளவில் வளர்ப்பவர்கள் பூ இருக்கும் ஊர்களுக்குப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிச் செல்கிறார்கள். வர்ரோவா என்னும் உண்ணியின் தொல்லையும் அதற்கு அதிகம்.

நாட்டு ஈ வேண்டாம் என்பவர்களுக்கும் காரணம் உண்டு. 1991-92இல் தென்னிந்தியாவில் பரவிய தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய், கன்னியாகுமரி மாவட்டம் உட்படப் பல இடங்களில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. அதற்குப் பின்னரே இத்தாலிய ஈ இங்கே பரவலானது. அந்த நோய்க்கு இன்றும் மருந்து கிடையாது. தாக்குப்பிடித்த கூட்டங்களிலிருந்து பெருக்குவதே வழி. எனவே வாங்கும்போது, கூட்டம் எங்கிருந்து வருகிறது, அங்கே புழுக்கள் தலை தூக்கி, நீர் நிறைந்த பைபோல் செத்துக் கிடந்தனவா என்று கேளுங்கள். கொல்லையில் ஒன்றிரண்டு பெட்டி வைப்பவருக்கு நாட்டு ஈ போதும்.

பாகு வைக்கலாமா?

"பாகு கொடுத்தால் அது தேனா?" என்று சிலர் கேட்பது நியாயம். பாகு ஈக்களின் பசிக்கு. நம் விற்பனைக்கு அல்ல. பூ இல்லாத மாதங்களில் மட்டும், மேலே உள்ள தேன் அறையை எடுத்துவிட்டு, ஒரு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து மாலையில் பெட்டிக்குள் வையுங்கள். வெளியே சிந்தினால் எறும்பும் அடுத்த கூட்டத்து ஈயும் வந்துவிடும். தேன் அறை இருக்கும்போது பாகு வைத்து, அதைத் "சுத்தத் தேன்" என்று விற்பது மோசடி.

கீழ் அறையில் இருக்கும் தேன் ஈக்களின் உணவு. அதை எடுக்காமல் விட்டால் பாகின் தேவையே பாதி குறையும். மேல் அறையிலும் அடையின் முக்கால் பாகம் மெழுகால் மூடிய பிறகு எடுங்கள். மூடாத தேனில் நீர் அதிகம். சில வாரங்களில் நுரைத்துப் புளிக்கும்.

எறும்பு, பூச்சி, காற்று

பெட்டியின் தாங்கி கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை அடிப்பலகையைத் துடையுங்கள். ஈ மொய்க்காத பழைய அடைகளை வெளியே எடுத்து உருக்கிவிடுங்கள். வலுவான கூட்டத்தில் மெழுகுப்பூச்சி நிலைக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கே இருந்து வீசும் காற்று வாசலில் நேராக அடிக்காதபடி, கிழக்கு பார்த்து வைப்பது நல்லது.

மருந்து அடிக்கும் தோட்டங்கள்

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் அடிக்கடி மருந்து அடிக்கிறார்கள். நாட்டு ஈ ஒரு கிலோமீட்டர் வரையும் அதைத் தாண்டியும் பறக்கும். பக்கத்துத் தோட்டக்காரரோடு சண்டையிட்டுப் பயனில்லை. அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. எந்த நாளில் அடிப்பார் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஈக்கள் கூடு திரும்பிய மாலையில் அடிக்க முடியுமா என்று வேண்டுங்கள். முடியாவிட்டால் அன்று மட்டும் வாசலைக் காற்றுப் புகும் வலையால் மூடி, பெட்டியை நிழலில் வைத்திருங்கள். மலைக்கு மேலே ஏலக்காய் பூவில் காய் பிடிப்பதற்கு ஈக்களே துணை என்பதை ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் நம்மவர்கள் அறிவார்கள். அதைப் பேச்சில் எடுத்துச் சொன்னால் விவசாயிகள் காது கொடுப்பார்கள்.

இரண்டு கருத்துக்கு இடமில்லாதவை

முதலாவது, அண்டை வீட்டார். பெட்டி வைக்கும் முன் அவர்களிடம் சொல்லுங்கள். வாசல் அவர்கள் வீட்டையோ நடைபாதையையோ பார்க்கக் கூடாது. தண்ணீர்த் தொட்டியிலும் உயர்ந்த மரத்திலும் தொங்கும் மலைத்தேனீ வேறு, பெட்டி ஈ வேறு என்று விளக்குங்கள். கொட்டினால் கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்து, ஐஸ் வையுங்கள். மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, கைக்குழந்தை. எவ்வளவு சுத்தமான தேனாக இருந்தாலும் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாவில் தடவ வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்கிருமி, பிஞ்சுக் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளர்த்தி மூச்சையே பாதிக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஜகாத்

தேனுக்கு ஜகாத் உண்டா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில், உஷ்ரு நிலத்தில் கிடைத்த தேனில் பத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்கப்பட்ட கருத்தில் தேனுக்கு ஜகாத் இல்லை. உங்கள் நிலைமைக்கு எது பொருந்தும் என்று உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயத்துக்குப் பெயரே தேனீ. அந்தச் சிறு உயிரை நம்பி இறங்குபவர்கள் முதலில் ஒரு பெட்டியோடு தொடங்குங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலும் காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் பயிற்சி பற்றி விசாரியுங்கள். யார் யோசனை சொன்னாலும், "உங்கள் பெட்டி எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்த ஈ?" என்று கேட்டுவிட்டு, பிறகு உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள். இந்த ஜூனில் நான் கீழ் அறையைத் தொடவில்லை. ஈக்கள் இருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ்.