நிலக் கிரயமும் தரகர் செய்யவேண்டிய ஊழியமும்

குடியானவர் மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நடக்கவிட்டும் பார்க்கிறார். ஆனால் ஆயுட்காலச் சேமிப்பு முழுவதையும் கொடுத்து நிலம் வாங்கும்போதோ, தரகர் வரப்பின்மேல் நின்று கைநீட்டிக் காட்டிய திசையை நம்பியே அநேகர் முன்பணம் கொடுத்துவிடுகின்றனர். வாங்குபவரையும் விற்பவரையும் ஓரிடத்தில் கூட்டிவைப்பது மட்டும் தரகு அன்று. முன்பணம் கைமாறுமுன் தரகர் தாமே நடந்தும் கண்டும் முடிக்கவேண்டிய வேலைகள் பல உண்டு. அவற்றைச் செய்பவருக்கே தரகுக் கூலி தகும்.

எல்லையும் பரப்பும்

நல்ல தரகர் புலப்படத்தின் நகலைக் கையிற்கொண்டு, வாங்குபவரோடு நான்கு எல்லைகளையும் சுற்றி நடந்து வருவார். எல்லைக் கற்கள் படத்திற் கண்டபடி உள்ளனவா, வரப்பு நகர்ந்திருக்கிறதா, ஓடைப் புறம்போக்கு சாகுபடியோடு சேர்ந்துபோயிற்றா என்பவற்றைக் கவனிப்பார். தமிழ்நாட்டில் பழைய பத்திரங்களில் பரப்பு ஏக்கரிலும் சென்டிலும் இருக்கும். பட்டாவில் ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கும். 1 ஹெக்டேர் ஏறக்குறைய 2 ஏக்கர் 47 சென்ட் ஆகும். எனவே பத்திரத்தில் 2 ஏக்கர் 40 சென்ட் என்றுள்ள நிலம் பட்டாவில் சுமார் 97 ஏர் இருத்தல் வேண்டும். 90 ஏரே காணப்படின் 17 சென்டுக்கு மேல் குறைகிறது. இத்தகைய ஐயம் எழுந்தால், உரிய கட்டணம் செலுத்தி அரசாங்க நில அளவரைக் கொண்டு அளக்கச் செய்வதே முறை.

தண்ணீரும் பாதையும்

கிணற்றிற் பாத்தியம் உண்டு என்ற சொல் மட்டும் போதாது. பங்கு எத்தனையில் எத்தனை, இறைப்பு முறை எத்தனை நாளுக்கு ஒரு தடவை, மின் இணைப்பு யார் பெயரில் உள்ளது என்பவை தெளிவாக வேண்டும். கோடையில் ஊற்று நிற்குமா என்பதைப் பக்கத்து வயல்காரர்களே அறிவார்கள். தரகர் அவர்களிடம் வாங்குபவரை அழைத்துச் செல்லவேண்டும். வண்டிப்பாதையும் அவ்வாறே. பத்திரத்திற் கண்ட பாதை வேறு. அயலார் தயவினால் நடந்துவரும் பாதை வேறு. மனத்தாங்கல் நேர்ந்தால் பின்னது ஒரே நாளில் அடைபட்டுவிடும்.

பத்திரங்களும் வாரிசுகளும்

மூலப்பத்திரம் தொட்டு வரிசையாக எல்லா ஆவணங்களையும் சேகரித்து, வாங்குபவரின் வழக்கறிஞரிடம் ஒப்படைப்பது தரகர் கடமை. உரிமையைப் பற்றிய தீர்ப்பு வழக்கறிஞருடையதே, தரகருடையதன்று. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்களே தெரியும். வாய்மொழிக் குத்தகை அதில் வராது. 1955-ஆம் ஆண்டின் சட்டப்படி சாகுபடிக் குத்தகைதாரருக்குப் பாதுகாப்பு உண்டாதலால், நிலத்தில் உழுபவர் யார் என்பதை அடங்கலிலும் நேரிலும் பார்த்தறிய வேண்டும். பட்டா மட்டுமே உரிமைக்கு முடிவான சாட்சியுமன்று. பூர்வீகச் சொத்தாயின் பெண்மக்களையும் விசாரிக்க வேண்டும். 1989-இல் தமிழ்நாட்டிலும், 2005-இல் நாடு முழுவதும், இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தங்கள் பெண்மக்களுக்குப் பங்கு அளித்தன. புகுந்த வீட்டிலிருக்கும் சகோதரியின் கையெழுத்து இல்லாமையால் கிரயம் பின்னர் வழக்கில் சிக்குதல் கூடும்.

கூலியும் நாணயமும்

கூலி எவ்வளவு, யார் தருவது, இரு தரப்பிலும் பெறுவதுண்டா என்பதைத் தரகர் முதலிலேயே இரு தரப்பாருக்கும் சொல்லிவிட வேண்டும். விற்பவர் கேட்ட விலையை மறைத்து, நடுவில் தொகை ஏற்றுவது தரகன்று. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, தம்மை நியமித்தவர் அறியாமல் முகவர் தாமே அந்த வியாபாரத்தில் ஈடுபட்டால், அதில் கிடைத்த ஆதாயத்தை நியமித்தவர் கோரலாம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு பெற்ற மனைப்பிரிவுகளையும் கட்டடத் திட்டங்களையும் விற்றுத்தரும் முகவர்கள் ஒழுங்குமுறை ஆணையத்திற் பதிவு பெறவேண்டும். தனி விளைநிலக் கிரயத்திற்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமையால், குடியானவரின் எச்சரிக்கையே காவல்.

கிரயத்திற்குப் பின்

பத்திரம் பதிவானவுடன் தரகர் விலகிவிடலாகாது. பட்டா மாறுதலும், உட்பிரிவு வேண்டின் அளவையும், மின் இணைப்பின் பெயர் மாற்றமும் முடியும்வரை உடனிருத்தல் வேண்டும். கூலியில் ஒரு பகுதியைப் பட்டா மாறியபின் கொடுப்பதாக முன்னரே பேசிக்கொள்வது நலம்.

கிராம நிர்வாக அலுவலர்களும் இதிற் பேருதவி செய்யலாம். கிரயம் பேசுவோர் வந்து கேட்கும்போது, புலப்படமும் அடங்கலும் பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்குமாறு சொல்லியனுப்பினால், பின்னாளில் நீதிமன்ற வாசலில் நிற்கவேண்டிய குடும்பங்கள் பல வயலிலேயே நிற்கும்.