ராஜினாமா தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

துணிக்கடையில் நான்கு வருடம் நின்றே வேலை பார்த்த பெண் அவர். ஏழாம் மாதத்தில் மேலாளர் கூப்பிட்டு, "குழந்தை பொறந்து கொஞ்சம் பெருசானதும் நீயே வந்துக்கோம்மா, இப்போதைக்கு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு" என்று ஒரு தாளை நீட்டியிருக்கிறார். அவரும் போட்டுவிட்டார். குழந்தைக்கு ஐந்து மாதமானபோது என்னிடம் வந்தார். அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்" என்று இருந்தது. ஆறு மாதச் சம்பளத்துக்கான உரிமையை அவரே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

இப்படி வருகிறவர்களில் நர்ஸ் உண்டு, தனியார் பள்ளி டீச்சர் உண்டு, கணினி நிறுவனத்தில் ஒப்பந்தத்தில் இருப்பவர்களும் உண்டு. படிப்பு ஏற ஏற ஏமாற்றம் குறைகிறது என்று சொல்ல முடியவில்லை. வேலையா, குழந்தையா என்று வீட்டில் இரவெல்லாம் பேசுகிறார்கள், அழுகிறார்கள், பிறகு "விட்டுடலாம்" என்று முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவுக்கு முன்னால் சட்டப்படி என்ன வரவேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. கணவரும் கேட்பதில்லை, அம்மாவும் கேட்பதில்லை.

மகப்பேறு பலன்கள் சட்டம் 1961-இல் வந்தது. 12 வாரமாக இருந்த விடுப்பு 2017-இல் 26 வாரமானது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. "பழைய சட்டம் ரத்தாயிடுச்சு" என்று சில அலுவலகங்களில் இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். நம்பாதீர்கள். 26 வாரம் புதிய தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைக்கும் பொருந்தும், தொழிற்சாலைக்கும் பொருந்தும்.

அலுவலகங்களில் சொல்லும் அடுத்த பொய், "ஒரு வருஷம் சர்வீஸ் முடிஞ்சாதான் லீவு." சட்டம் கேட்பது 80 நாள்தான். பிரசவத்துக்கு மருத்துவர் குறித்த தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். சம்பளத்தோடு விட்ட விடுமுறை நாட்களும் அந்தக் கணக்கில் சேரும். இன்னொரு பொய், "நீங்க கான்ட்ராக்ட், உங்களுக்குக் கிடையாது." தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. விடுப்பின் நடுவே ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பலன் நிற்காது என்று 2023-இல் சொன்னது. இரண்டு குழந்தைகள் உள்ளவருக்கு மூன்றாவது பிரசவத்தில் 26 வாரம் 12 வாரமாகக் குறையும், இல்லாமல் போகாது.

சம்பளக் கணக்கிலும் கை வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிட்டு வாரத்துக்கு ஆறு நாள் என்று போட்டுத் தருவார்கள். வாரம் என்றால் ஏழு நாள் என்பது 1977-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்த விஷயம். வழக்கே கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து போனதுதான். 26 வாரம் என்றால் 182 நாள் சம்பளம். 156 நாளுக்குத் தந்தால் கேளுங்கள்.

அடுத்து, பணம் யார் தருவது. இங்கேதான் பலர் தவறான கதவைத் தட்டி மாதங்களை இழக்கிறார்கள். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, உங்கள் நிறுவனம் இஎஸ்ஐ-யில் சேர்ந்திருந்தால், பணம் தருவது இஎஸ்ஐ கழகம். அதற்கு மேல் சம்பளம் வாங்கி இஎஸ்ஐ-க்கு வெளியே இருந்தால், முதலாளியே தரவேண்டும்.

இஎஸ்ஐ என்றால் கர்ப்பம் உறுதியான அன்றே ஒரு வேலை செய்யுங்கள். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று இஎஸ்ஐ இணையதளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்ட நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன். முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில், அதாவது ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று போகும் ஆறு ஆறு மாதங்களில், 70 நாளுக்குச் சந்தா இருக்கவேண்டும். இஎஸ்ஐ மருத்துவரிடம் சான்று வாங்கி, மகப்பேறு பலனுக்கான படிவம் 19-ஐக் கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம், இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் காப்பீட்டு அட்டைப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியவர்கள் இதை ஐந்தாம் மாதத்திலேயே சரிசெய்துகொள்ளுங்கள். கைக்குழந்தையோடு கவுன்ட்டருக்கும் வீட்டுக்கும் அலைவது கொடுமை.

முதலாளி தரவேண்டிய இடத்தில், வாய்மொழியாகச் சொன்ன எதுவும் நிற்காது. "எச்.ஆர். மேடம்கிட்ட சொல்லிட்டேன்" என்பது ஆதாரம் இல்லை. ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். பெயர், பணியாளர் எண், மருத்துவர் குறித்த பிரசவத் தேதி, எந்தத் தேதியிலிருந்து விடுப்பு, விடுப்புக் காலத்தில் வேறு எங்கும் வேலை செய்யமாட்டேன் என்ற உறுதி, உங்களுக்குப் பதில் பணத்தைப் பெறக்கூடியவர் பெயர். இவ்வளவுதான். விடுப்பு பிரசவத் தேதிக்கு எட்டு வாரத்துக்கு முன்னால் தொடங்கக்கூடாது. ஸ்கேன் அறிக்கையின் நகலை அல்லது தேதி குறித்த மருத்துவச் சான்றை இணையுங்கள். மின்னஞ்சலில் ஒன்று அனுப்புங்கள், அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் பட்டுவாடாச் சான்று கேட்டு இன்னொன்று அனுப்புங்கள். அலுவலக மின்னஞ்சலை மட்டும் நம்பவேண்டாம். வேலையிலிருந்து தூக்கினால் அந்தக் கணக்கையும் அன்றே பூட்டிவிடுவார்கள். சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு நகல் போகட்டும்.

பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான பணத்தை முன்கூட்டியே தரவேண்டும். மிச்சத்தை, குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தரவேண்டும். நிறுவனம் இலவச மருத்துவம் தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸ் தனி. கடிதம் கொடுக்க மறந்து பிரசவமே ஆகிவிட்டதா? அப்போதும் கொடுக்கலாம். தாமதத்தால் உரிமை போகாது.

மறுபடியும் சொல்கிறேன்: ராஜினாமா தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "வெறும் ஃபார்மாலிட்டி" என்பார்கள், வெற்றுத் தாளை நீட்டுவார்கள், சர்டிபிகேட்டைத் தரமாட்டோம் என்பார்கள். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால், நிர்ப்பந்தத்தில் வாங்கினார்கள், அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். மேலாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். மகப்பேறு விடுப்பில் இருப்பவரை வேலைநீக்கம் செய்வது சட்டவிரோதம். அந்த உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும். அறுபது நாள் என்பது பச்சை உடம்புக்காரிக்கு ஒரு நொடியில் ஓடிவிடும். நாட்காட்டியில் குறித்துவையுங்கள். உங்களால் முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் குறித்துவைக்கட்டும்.

எங்கே போவது? தமிழ்நாட்டில் கடை, தனியார் அலுவலகம் போன்றவற்றுக்கு உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம். "இது எங்களுக்கு வராதும்மா, அங்க போங்க" என்று ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தள்ளுவது அங்கே அன்றாடம் நடக்கிறது. பால் குடிக்கிற பிள்ளையை மரத்தடியில் மாமியாரிடம் விட்டு வந்தவளை இரண்டு மணி நேரம் நிற்கவைக்கிறவர்களுக்கு மனசு எப்படி வருகிறதோ! தள்ளினால், எங்களுக்கு வராது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தள்ளுவது பெரும்பாலும் அதோடு நிற்கும். நிற்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர் நாளில் அதே மனுவைக் கொடுத்து வரிசை எண் வாங்குங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று ஒதுங்கவேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். 15100-க்கு அழைத்தும் கேட்கலாம்.

விடுப்பு முடிந்து திரும்பும்போதுதான் இரண்டாவது ராஜினாமா வருகிறது, பிள்ளையை யார் பார்ப்பது என்பதால். ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தரவேண்டும். ஐம்பது பேர் என்றால் ஐம்பது பெண்கள் இல்லை. ஆண்களையும் சேர்த்து ஐம்பது. "இங்க பொம்பளைங்க பதினைஞ்சு பேர்தான்" என்ற பதிலைக் கேட்டு எத்தனை பேர் திரும்பி வந்திருக்கிறார்கள்! தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். பிள்ளைக்கு 15 மாதமாகும் வரை, ஓய்வு இடைவேளை போக, பாலூட்ட இரண்டு இடைவேளையும் உண்டு. காப்பகம் இல்லையென்றால் தனியாகக் கேட்காதீர்கள். ஏழெட்டுப் பேராகக் கையெழுத்திட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள், பதில் இல்லையென்றால் அதே நகலோடு மேலே சொன்ன தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்கள்.

வெளியே காப்பகத்தில் விடுவதானால், உரிமம் இருக்கிறதா, ஓர் ஆயாவுக்கு எத்தனை பிள்ளைகள், சொல்லாமல் நடுவில் வந்து பார்க்க விடுவார்களா என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதற்குத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.

எந்த அலுவலகத்தில் எந்த மனுவைக் கொடுத்தாலும், உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் படி இறங்காதீர்கள். துணிக்கடைப் பெண்ணுக்காக நாங்கள் கொடுத்த முதல் மனு "வந்ததே இல்லை" என்று அடுத்த மாதம் சொன்னார்கள். முத்திரை போட்ட நகல் கையில் இருந்தது. இரண்டு வாரத்தில் அந்தக் கடைக்கு விசாரணை நோட்டீஸ் போனது.