வயிறு வீங்கினால் மாந்தம்தானா?

ஸ்ரீராம்புரத்தில் குழந்தைக்கு வயிறு வீங்கினால் "மாந்தம்", "பூச்சி" என்பார்கள். பல சமயம் அது சரியே. ஆனால் மண்ணீரல் பெருத்து, உடம்பு வெளுத்து, எலும்பும் வலித்தால், 1882-ல் பிரெஞ்சு டாக்டர் பிலிப் கோஷே விவரித்த பரம்பரை நோயாகவும் இருக்கலாம்.

ஒரு வகைக் கொழுப்பைச் சிதைக்கும் என்ஸைம் குறைவதால், அது செல்களில் தேங்குகிறது. எலும்பு மஜ்ஜையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்தச் செல்கள் கசக்கிய காகிதம்போலத் தெரியும். இதே தோற்றம் வேறு நோய்களிலும் வரும். என்ஸைம் பரிசோதனைதான் உறுதி சொல்லும்.

தாய், தந்தை இருவரிடமும் இக்குறை மறைந்திருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. சொந்தத்தில் மணந்தால் இந்த வாய்ப்பு கூடும்.

1991 முதல் மருந்து உண்டு, விலைதான் லட்சக்கணக்கில். 2021-ம் ஆண்டு அரிய நோய்க் கொள்கைப்படி மத்திய அரசு உதவுகிறது. பெங்களூர் இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம்.

மந்திரித்துக் கயிறு கட்டுவதோடு நின்றுவிடாதீர்கள்; டாக்டரிடம் காட்டுங்கள்.