கதிர்வீச்சுச் சிகிச்சையும் மலக்குடல் பாதிப்பும்

கருப்பைக் கழுத்து, புரஸ்டேட் சுரப்பி ஆகியவற்றில் ஏற்படும் புற்றுநோய்களுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கப்படும்போது அருகிலுள்ள மலக்குடலின் ஒரு பகுதியும் கதிர்களுக்கு உட்படுகின்றது. இதனை முற்றாகத் தவிர்ப்பது கடினம்.

சிகிச்சைக் காலத்தில் தோன்றும் வயிற்றோட்டம், வலி, சளி வெளியேறல் என்பன பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். பிரச்சினை அதன் பின்னர் வருவதே. மாதங்கள் பல கடந்து, சிலருக்கு ஆண்டுகள் கழித்து, மலத்துடன் இரத்தம் வெளியேறத் தொடங்குகின்றது. கதிர்கள் சிறிய குருதிக் குழாய்களின் உட்சுவரைத் தடிக்கச் செய்து படிப்படியாக அடைத்துவிடுகின்றன. குருதியோட்டம் குன்றிய இழையம் இறுகித் தழும்பாகின்றது. மேற்பரப்பில் புதிதாகத் தோன்றும் மெல்லிய குழாய்களோ இலகுவில் கசியக்கூடியவை.

இக்கால இடைவெளியே நோயாளியைத் திசைதிருப்புகின்றது. ஒருவர் புற்றுநோய் திரும்பிவிட்டதென நிலைகுலைகின்றார். மற்றொருவர் மூலநோயெனக் கருதித் தாமே மருந்து தேடுகின்றார். வெட்கத்தினால் வீட்டாரிடம்கூடச் சொல்லாதோரும் உளர். இரத்தச்சோகை முற்றிய பின்னர் வைத்தியரை நாடுவதால் பயன் குறைவு. அதற்காகக் கசிவு யாவும் கதிர்வீச்சின் விளைவே என்று கொள்வதும் தவறாகும். குடலில் புதிய புற்றுநோய் இல்லையென்பதைக் கொலனோஸ்கோபி மூலம் உறுதிசெய்தல் அவசியம்.

மகரகமவில் சிகிச்சை பெற்று ஊர் திரும்பிய ஒருவர் பின்னர் பிரதேச வைத்தியசாலையொன்றுக்குச் செல்ல நேரிடின், எவ்வுறுப்புக்கு எந்த ஆண்டில் கதிர்வீச்சு அளிக்கப்பட்டது என்பதை முதலிலேயே கூறவேண்டும். இது வெறும் சம்பிரதாயமன்று. கதிர்பட்ட மலக்குடலின் முன்சுவரிலிருந்து பரிசோதனைக்காக இழையம் வெட்டியெடுக்கப்பட்டால், புண் ஆறாது சிறுநீர்ப் பாதை வரை துளை விழும் அபாயம் உண்டு. நோயாளி மறந்தாலும் வைத்தியர் கேட்டறிய வேண்டிய விடயம் இது.

பிரித்தானியாவில் பரவாத புரஸ்டேட் புற்றுநோயுடைய 1,643 ஆண்களிடம் மேற்கொள்ளப்பட்ட ஆய்வின் 15 ஆண்டு முடிவுகள் 2023இல் வெளியாகின. கண்காணிப்பு, சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு ஆகிய மூன்றில் எதற்கு ஒதுக்கப்பட்டிருப்பினும், சுமார் 97 சதவீதமானோர் அப்புற்றுநோயினால் இறக்கவில்லை. எனினும் 12ஆம் ஆண்டளவில் மலக்கசிவு கதிர்வீச்சுப் பிரிவினரில் 12 சதவீதமாகவும் ஏனையோரில் 6 சதவீதமாகவும் காணப்பட்டது. அக்காலக் கதிர்வீச்சு முறைகள் இன்றுள்ளவற்றைவிடப் பழையவை என்பது உண்மையே. ஆயினும் உயிர் தப்பும் வாய்ப்பு ஏறத்தாழச் சமமாயிருக்கையில், எஞ்சிய வாழ்நாளில் எதிர்நோக்க வேண்டியதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லாதிருப்பது நியாயமாகாது.

இலேசான கசிவு பலருக்குத் தானாகவே நின்றுவிடுகின்றது. நிற்காதவிடத்து சுக்ரல்பேட் மருந்தினை மலவாசல் வழியாகச் செலுத்துவர். ஆகன் வாயுவின் துணையுடன் கசியும் குழாய்களைச் சுட்டு அடைத்தல், போமலின் இடுதல், உயரமுக்க ஒட்சிசன் அளித்தல் என்பனவும் கையாளப்படுகின்றன. கதிர்பட்ட இழையம் எளிதில் ஆறாது என்பதால் சத்திரசிகிச்சை இறுதி வழியாகவே கருதப்படுகின்றது. புரஸ்டேட்டுக்கும் மலக்குடலுக்கும் இடையில் ஒருவகை ஜெல்லினைச் செலுத்தி, கதிர்வீச்சு அளிக்கும் காலத்தில் இரண்டையும் விலக்கி வைக்கும் முறையும் சில நாடுகளில் நடைமுறையில் உள்ளது. அந்த ஜெல் சில மாதங்களில் உடலில் தானாகவே கரைந்துவிடும்.