உங்களுக்குத் தெரியுமா? சுவிட்சைத் தொடாத சனிக்கிழமை

இலங்கையில் தெமோதரைக்கும் எல்லவுக்கும் நடுவிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க இஸ்ரேலியப் பயணிகளும் வருகிறார்கள். மார்க்கத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றும் யூதர்கள் வெள்ளி பொழுது சாய்வதற்கு முன்பிருந்து சனி இரவு நட்சத்திரங்கள் தெரியும்வரை லைட் சுவிட்சைத் தொடுவதில்லை.

இந்த ஓய்வுநாளில் வீட்டில் நெருப்பு மூட்டக்கூடாது என்கிறது வேதாகமத்தின் யாத்திராகமம் 35:3. பல்பில் சிவந்து எரியும் கம்பியும் நெருப்புத்தான் என்று யூத மதகுருக்களான ரபிகள் பலர் தீர்ப்புச் சொன்னார்கள். அப்படியானால் மின்விசிறி? மின்சுற்றை இணைப்பதே, ஓய்வுநாளில் தடுக்கப்பட்ட ‘கட்டும்’ வேலை என்றார் ஹசோன் இஷ் எனப்படும் ரபி கரேலிட்ஸ் (1878–1953). ரபி ஷ்லோமோ சல்மான் அவர்பாக் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆனாலும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை.

முன்கூட்டியே போட்ட லைட் எரியலாம், டைமரும் வைக்கலாம். மின்சாரத்துக்கு முந்திய காலத்தில் கொச்சி யூதர் வீடுகளில் ஓய்வுநாளுக்கென்றே எண்ணெய்த் தூக்குவிளக்கு ஏற்றினார்கள்.

விடுதி நடத்துவோர் கவனிக்க: மின் அட்டையால் திறக்கும் கதவு ஓய்வுநாள் அனுசரிக்கும் பயணிகளுக்குப் பெரும் சிரமம், சாதாரணச் சாவி கொடுங்கள். தங்களுக்காக லைட் போடும்படி உங்களிடம் கேட்கவும் பொதுவாகத் தடை உண்டு. உயிருக்கு ஆபத்தென்றால் எல்லாத் தடையும் விலகும்: போன் எடுக்கலாம், வாகனத்தில் ஆஸ்பத்திரிக்கும் போகலாம்.